சட்டத்தை நீங்களே கேளுங்கள்: டே கேர் நடத்தும் சகோதரிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சகோதரிகளே,



சென்னை ஓ.எம்.ஆரிலும் கோவை சரவணம்பட்டியிலும் ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும், வீட்டின் கீழ்த்தளத்தையோ வாடகைக்குப் பிடித்த ஒரு ஃபிளாட்டையோ டே கேராக மாற்றி நடத்திவரும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். காலையில் அழுதுகொண்டே வரும் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "நீங்க கிளம்புங்கம்மா, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்கிறீர்கள். அந்தச் சொல்லை நம்பித்தான் தாய்மார்கள் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். இந்தியாவில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் பெண்களில் 100-க்கு ஏறத்தாழ 40 பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஐ.டி. அலுவலகம், மருத்துவமனை, வங்கி, ஜவுளிக்கடை என்று வேலைக்குப் போகும் மற்ற பெண்கள் தனி. பாட்டி தாத்தா உடன் இல்லாத வீடுகளில் இவர்களுடைய வேலையைத் தாங்கிப் பிடித்திருப்பது நீங்கள்தான்.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பால்வாடி பால்வாடியாகப் போய் வருகைப் பதிவேடு, எடை அட்டை, அரிசி இருப்பு, சமையலறை எல்லாவற்றையும் பார்த்து எழுதி வருவதுதான் என் உத்தியோகம். இப்போது என் மகள் வேலைக்குப் போகிறாள். என் பேத்தி உங்களைப் போன்ற ஒருவரிடம்தான் பகல் முழுக்க இருக்கிறாள். ஆய்வு செய்தவள், குழந்தையை ஒப்படைத்துவிட்டு நிற்பவள் என்ற இரண்டு நிலையிலிருந்தும் பேசுகிறேன்.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். டே கேர்களுக்குப் பதிவு, உரிமம், ஆய்வு, பணியாளர்களின் பின்னணிச் சரிபார்ப்பு ஆகியவற்றைக் கட்டாயமாக்கும் ஒரு மாநிலச் சட்டம் வேண்டும் என்று அரசிடம் நீங்களே கேளுங்கள். பெற்றோர் மட்டும் கேட்டால் அது உங்கள் மீதான புகாராகத் தெரியும். அசம்பாவிதம் நடந்த பிறகு அரசு தானாகக் கொண்டுவந்தால் அது அவசரச் சட்டமாக இருக்கும். நல்லவர், கெட்டவர் பார்க்காமல் எல்லோர் தலையிலும் விழும். தொழில் தெரிந்த நீங்கள் முன்கூட்டியே கேட்டால்தான் நடைமுறைக்கு ஒத்துவரும் சட்டம் கிடைக்கும்.

கும்பகோணத்தை நாம் யாரும் மறக்கவில்லை. 2004 ஜூலை 16 அன்று அங்கே ஒரு பள்ளியில் 94 குழந்தைகள் தீயில் கருகிய பிறகுதான் பள்ளிகளின் கூரைக் கொட்டகைகளும் குறுகிய மாடிப்படிகளும் அதிகாரிகளின் கண்ணில் பட்டன. முதலில் விபத்து, பிறகே விதி என்ற அந்த வரிசை இந்த முறையாவது மாற வேண்டும்.

இன்றைய நிலை என்ன? 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலை குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்றிருந்தது. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம், 50 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் கிரெச் வசதி செய்து தர வேண்டும் என்றது. தாய் ஒரு நாளில் 4 முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்றும் சொன்னது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளைத் தங்க வைக்கும் இல்லங்கள் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்தாக வேண்டும். ப்ளே ஸ்கூல்களுக்கென்று 2015-இல் தமிழ்நாடு அரசு ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்களை மேற்பார்வையிட ஒரு துறையே இருக்கிறது.

ஆனால் ஆறு மாதக் கைக்குழந்தையைக் காலையில் வாங்கி இரவு 7 மணிக்குத் திருப்பித் தரும் தனியார் டே கேருக்கென்று தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இல்லை. மாநகராட்சி கட்டடத்தைப் பார்க்கும். தீயணைப்புத் துறை அதன் வேலையைப் பார்க்கும். கிரெச் என்றால் தொழிலாளர் துறையைக் காட்டுவார்கள், ப்ளே ஸ்கூல் என்றால் கல்வித் துறையை, பால்வாடி என்றால் சமூக நலத் துறையை. உள்ளே இருக்கும் குழந்தையை யார் தூக்குகிறார்கள், யார் குளிப்பாட்டுகிறார்கள், அவர் யார், எங்கிருந்து வந்தார் என்று கேட்கும் பொறுப்பு மட்டும் எந்த மேசையிலும் இல்லை.

ஆனாலும் ஒரு விதி இப்போதே உங்களைக் கட்டுப்படுத்துகிறது. நான் பேசிப் பார்த்தவர்களில் பலருக்கு அது தெரியவில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் 2020-இல் வந்த விதிகளின்படி, பள்ளி, கிரெச், விளையாட்டுப் பயிற்சி மையம் என்று குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் எந்த நிறுவனமும் தன் பணியாளர்கள் ஒவ்வொருவருக்கும் போலீஸ் சரிபார்ப்பும் பின்னணி விசாரணையும் செய்ய வேண்டும். நிரந்தரமோ ஒப்பந்தமோ, பாடம் சொல்பவரோ பாத்திரம் கழுவுபவரோ, எல்லோருக்கும் இது பொருந்தும். ஒரு முறை செய்துவிட்டு விட முடியாது. குறிப்பிட்ட கால இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். குழந்தைப் பாதுகாப்பு பற்றி அவர்களுக்கு அவ்வப்போது பயிற்சியும் தர வேண்டும்.

உங்கள் அலுவலக அலமாரியில் ஆயாம்மாக்களின் ஃபைல் ஒன்று இருக்கும். திறந்து பாருங்கள். ஆதார் அட்டையின் ஜெராக்ஸ், ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, அவசரத்துக்கு அழைக்க ஒரு போன் நம்பர், சிலவற்றில் முன்பணம் வாங்கியதற்குக் கையெழுத்து. பெரும்பாலும் அவ்வளவுதான். ஆதார் ஒருவருடைய பெயரையும் முகவரியையும் சொல்லும். முன்பு வேலை பார்த்த இடத்தில் அவர் குழந்தைகளிடம் எப்படி நடந்துகொண்டார் என்று சொல்லாது. போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு ஸ்டேஷன் வாசலில் காத்துக்கிடக்க வேண்டியதில்லை; தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். அதோடு, அந்த அம்மா கடைசியாக வேலை பார்த்த இடத்துக்கு நீங்களே போன் செய்யுங்கள். "எப்படிப்பட்டவங்க?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லவங்கதான்" என்று பதில் வரும். "மறுபடியும் அவங்களை வேலைக்கு எடுப்பீங்களா? ஒரு குழந்தையோட தனியா விட்டுட்டுப் போவீங்களா?" என்று கேளுங்கள். அந்தப் பக்கம் பதில் தயங்கினால் அதுவும் ஒரு தகவல்.

கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளிக்குள்ளேயே போலி என்.சி.சி. முகாம் நடந்தது. அங்கே மாணவிகளுக்கு நேர்ந்த பாலியல் கொடுமை வெளியே வந்தபோதுதான், முகாம் நடத்தியவருக்கும் என்.சி.சி.க்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று தெரிந்தது. சீருடையையும் பேச்சையும் பார்த்துக் கதவைத் திறந்துவிட்டார்கள். என்.சி.சி. அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டிருந்தால் உண்மை தெரிந்திருக்கும்.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்த மடலின் மையம். சரிபார்ப்பு என்பது ஏற்கெனவே எழுதி வைத்ததை மட்டுமே நமக்குத் திருப்பித் தரும். எழுதப்படாத எதுவும் அதில் வராது.

இங்கிலாந்தில் 2002-இல் சோஹம் என்ற சிற்றூரில் 10 வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். கொன்றவர் அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியின் காப்பாளர். அவரை வேலைக்கு எடுக்கும்போது போலீஸ் சரிபார்ப்பு நடந்தது. எதிராக எதுவும் வரவில்லை. ஆனால் வேறொரு வட்டாரத்தில் அவர் மீது பாலியல் புகார்கள் பல முறை எழுந்திருந்தன. அந்தத் தகவல்கள் முறையாகப் பதிந்து வைக்கப்படவும் இல்லை, இந்த வட்டாரத்துக்கு வந்து சேரவும் இல்லை. 2004-இல் பிச்சர்ட் விசாரணைக் குழு இதை அக்குவேறு ஆணிவேறாக எடுத்து வைத்தது. அதன் பிறகு அங்கே சட்டம் மாறியது. குழந்தைகளுக்குத் தீங்கு செய்ததற்காக ஒருவரை அந்தப் பணியிலிருந்து நீக்கினால், அதை உரிய அரசு அமைப்புக்குத் தெரிவிப்பது வேலை கொடுத்தவரின் சட்டக் கடமை. அவரே ராஜினாமா செய்துவிட்டுப் போனாலும் தெரிவித்தாக வேண்டும். அந்த அமைப்பு விசாரித்து, அவர் இனி குழந்தைகள் இருக்கும் இடத்தில் வேலை செய்யக் கூடாது என்று தடைப்பட்டியலில் சேர்க்கலாம்.

நம்மிடம் வழக்கமாக நடப்பதை யோசித்துப் பாருங்கள். ஒரு பணியாளர் குழந்தையைக் கிள்ளினார், அறைந்தார், அல்லது அதைவிடக் கேவலமாக நடந்துகொண்டார் என்று தெரிகிறது. பெற்றோர் பதறுகிறார்கள், பெயர் வெளியே வந்துவிடுமோ என்று பயப்படுகிறார்கள். நமக்கோ அட்மிஷன் போய்விடும் என்ற பயம். அந்த மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து, "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று அனுப்பிவிடுகிறோம். பதினைந்து நாளில் அதே ஆள் பக்கத்துத் தெரு டே கேரில் சேர்ந்துவிடுகிறார். அங்கே போலீஸ் சரிபார்ப்பு செய்தாலும் பதிவேடு சுத்தமாகத்தான் இருக்கும், ஏனென்றால் நாம் அதில் எதையும் எழுத விடவில்லை. உங்களிடம் வரும் புதிய ஆயாம்மாவைப் பற்றி உங்களுக்கு முன் அவரை வைத்திருந்தவர் சொல்லாமல் விட்டிருந்தால், உங்கள் சரிபார்ப்பும் அந்த அளவுக்கு வெற்றுத்தாள்தான்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பது போக்சோ சட்டப்படி குற்றம். தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. அடித்தல், பட்டினி போடுதல் போன்ற கொடுமைகளுக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு இருக்கிறது. குழந்தைகளைப் பராமரிக்கும் நிறுவனத்தை நடத்துபவரோ அதன் பணியாளரோ அதைச் செய்தால் தண்டனை 5 ஆண்டு வரை கடுங்காவல். குழந்தையின் பெயரோ அடையாளமோ வெளியே வரக்கூடாது என்பதையும் போக்சோ சட்டம் உறுதி செய்கிறது. அதனால் பெற்றோரின் அச்சத்துக்கு நீங்கள் தைரியமாகப் பதில் சொல்லலாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எந்நேரமும் இருக்கிறது.

சரிபார்ப்பு கடந்த காலத்தைப் பார்க்கும். இன்றைய பகலைப் பார்த்துக்கொள்வது உங்கள் ஏற்பாடுதான். எந்த டே கேருக்குப் போனாலும் நான் கவனிக்க விரும்பும் நேரம் மதியம் 1 மணி முதல் 3 மணி வரை. சோறூட்டி முடிந்திருக்கும். பாய் விரித்துக் குழந்தைகளைப் படுக்க வைத்து, ஜன்னலில் திரையை இழுத்து விட்டிருப்பார்கள். நீங்கள் வங்கிக்கோ மளிகைக் கடைக்கோ போயிருப்பீர்கள். ஓர் ஆயாம்மா சாப்பிட உட்கார்ந்திருப்பார். இன்னொருவர் மட்டும் அந்த இருட்டறையில் அத்தனை குழந்தைகளோடு இருப்பார். ஒரு குழந்தை எழுந்து பாத்ரூம் போக வேண்டும் என்று சொல்லும். அப்போது யார் கூட்டிப் போகிறார்கள், கதவு எப்படி இருக்கிறது, அறையில் மிச்சமிருக்கும் குழந்தைகளை யார் பார்க்கிறார்கள்? இந்தக் கேள்விகளுக்கு உங்களிடம் பதில் இருந்தால் உங்கள் டே கேர் பாதி பாதுகாப்பாகிவிட்டது. குழந்தைகள் இருக்கும் நேரம் முழுவதும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் பார்வையில் இருப்பது, டயபர் மாற்றும் மேசையை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வைப்பது, அறைக்கதவில் கண்ணாடிச் சட்டம் போடுவது, தூங்கும் அறையில் முகம் தெரியும் அளவுக்கு வெளிச்சம் வைப்பது, கூட்டிப்போக வருபவர் யார் என்று நோட்டில் பெயரும் நேரமும் எழுதி வாங்குவது ஆகியவற்றுக்குப் பெரிய செலவு இல்லை.

சிசிடிவி இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும். ஆனால் கேமரா தானாக எழுந்து போய்க் குழந்தையைத் தூக்காது. பாத்ரூமில் வைக்கவும் முடியாது. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நேரலை லிங்க்கைப் போட்டால், உங்கள் குழந்தைகள் உடை மாற்றுவதை யார் யாரோ பார்க்க வழி செய்துவிடுகிறீர்கள். பதிவைப் பூட்டி வைத்து, தேவைப்படும்போது மட்டும் எடுத்துப் பார்ப்பதே முறை.

உங்கள் தரப்பு அச்சங்களை நான் அறிவேன். முதல் அச்சம், உரிமம் என்றால் ஆபீசர் வருவார், கை நீட்டுவார். ஆய்வு நோட்டைக் கையில் வைத்திருந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதப்படாத இடத்தில்தான் லஞ்சம் புகுகிறது. என்னென்ன பார்க்கப்படும் என்ற பட்டியல் முன்கூட்டியே அச்சில் உங்கள் கையில் இருந்து, ஆய்வு முடிந்த அன்றே ஒரு நகல் உங்களுக்குக் கிடைத்து, முடிவு பெற்றோரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டால், பேரம் பேச இடம் குறையும். இப்படி எழுத வேண்டும் என்று கேட்பதற்காகத்தான் நீங்கள் முன்னால் நிற்க வேண்டும் என்கிறேன்.

இரண்டாவது அச்சம், சிறிய டே கேர்கள் மூடப்பட்டுவிடும். வீட்டில் ஐந்தாறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கும், மூன்று மாடியில் நூறு குழந்தைகளை வைத்திருக்கும் நிறுவனத்துக்கும் ஒரே அளவுகோல் கூடாது. வீட்டு டே கேர், மைய டே கேர் என்று தனித்தனி உரிம வகைகள் அமெரிக்க மாநிலங்களில் உண்டு. அங்கே 2014-இல் வந்த மத்தியச் சட்டம், குழந்தைப் பராமரிப்புப் பணியாளரின் கைரேகையை எஃப்.பி.ஐ. பதிவேட்டோடு ஒப்பிடச் சொல்கிறது. கடந்த 5 ஆண்டுகளில் அவர் வசித்த ஒவ்வொரு மாநிலத்தின் குற்றப் பதிவேடும், பாலியல் குற்றவாளிகள் பட்டியலும், குழந்தைக் கொடுமைப் பதிவேடும் பார்க்கப்பட வேண்டும். 5 ஆண்டுக்கு ஒரு முறையாவது இதைத் திரும்பச் செய்ய வேண்டும். வீட்டில் நடத்தும் டே கேர் என்றால், அந்த வீட்டில் வசிக்கும் 18 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் இந்தச் சரிபார்ப்பு உண்டு.

இந்தக் கடைசி விதி உங்களுக்குக் கசக்கும். "என் வீட்டுக்காரரையும் என் தம்பியையும் போலீஸ் சரிபார்ப்பதா?" என்று கேட்பீர்கள். ஆம், அதைத்தான் கேட்கிறேன். உங்களை நம்பித்தான் பெற்றோர் குழந்தையை விடுகிறார்கள்; ஆனால் அந்தக் குழந்தை உங்கள் வீடு முழுக்க நடமாடுகிறது. வேன் டிரைவர், சனிக்கிழமை டான்ஸ் கற்றுத்தர வருபவர் ஆகியோருக்கும் இதே விதி. உங்கள் குடும்பத்திலிருந்தே தொடங்கினால், ஆயாம்மாவிடம் கேட்கும்போது உங்கள் குரலில் தயக்கம் இருக்காது.

மூன்றாவது, இந்தச் சரிபார்ப்பு ஏழைப் பெண்களைத் துரத்தும் தடியாகிவிடக் கூடாது. தண்ணீர் வரவில்லை என்று சாலை மறியல் செய்ததற்கு ஒரு வழக்கு இருக்கலாம். கணவன் போட்ட பொய்ப் புகார் இருக்கலாம். எந்தெந்தக் குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கு இந்த வேலை கூடாது என்று சட்டமே பட்டியல் போட வேண்டும்: குழந்தைகளுக்கு எதிரான குற்றம், பாலியல் குற்றம், கொலை, ஆள் கடத்தல் போன்றவை. தவறாகப் பட்டியலில் சேர்ந்தவர் முறையிட வழி இருக்க வேண்டும். சாதியைப் பார்த்தோ, வடமாநிலத்திலிருந்து வந்தவர் என்பதாலோ எவரையும் சந்தேகிப்பதைச் சரிபார்ப்பு என்று சொல்லாதீர்கள்.

ஆயாம்மாவின் சம்பளத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். மாதாமாதம் ஆள் மாறும் இடத்தில் எந்தச் சரிபார்ப்பும் நிற்காது. ஒருவருக்கு விண்ணப்பித்து முடிவு வருவதற்குள் அவர் போய் இன்னொருவர் வந்திருப்பார். கௌரவமான சம்பளம், வாரம் ஒரு நாள் விடுப்பு, உட்கார்ந்து சாப்பிட அரை மணி நேரம் ஆகியவை இருந்தால் ஆள் தங்குவார். குழந்தைக்கும் ஒரே முகம், ஒரே மடி கிடைக்கும். இதற்குக் கட்டணம் கூடினால் பெற்றோராகிய நாங்கள் முகம் சுளிக்கக் கூடாது.

ஆகவே நாம் சேர்ந்து கேட்க வேண்டியவை இவை:

1. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைக் கட்டணம் வாங்கிப் பகலில் பராமரிக்கும் ஒவ்வோர் இடமும் ஒரே துறையில் பதிவு செய்ய வேண்டும். சமூக நலத் துறையாக இருந்தால் நல்லது. மாவட்டந்தோறும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஏற்கெனவே இருக்கிறது.

2. குழந்தைகளின் வயதுக்கு ஏற்பப் பணியாளர் எண்ணிக்கை. ப்ளே ஸ்கூல்களுக்குத் தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் 20 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர், ஒரு பராமரிப்பாளர் என்று வழிகாட்டியிருக்கிறது. அது மூன்று வயது நிரம்பியவர்களுக்கு. கைக்குழந்தைகளுக்கு இன்னும் நெருக்கமான கணக்கு வேண்டும்.

3. டே கேர் பணியாளர்களுக்குப் போலீஸ் சரிபார்ப்பு இலவசம், அதற்குக் கெடு தேதியும் வேண்டும். 2018 முதல் மத்திய அரசிடம் பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளம் இருக்கிறது. அதைக் காவல்துறை மட்டுமே பார்க்க முடியும். அது அப்படியே இருக்கட்டும். நமக்காக அதையும் பிற மாநிலப் பதிவேடுகளையும் பார்த்து, வேலைக்கு எடுக்கலாமா கூடாதா என்ற பதிலை மட்டும் காவல்துறை தந்தால் போதும்.

4. குழந்தைக்குத் தீங்கு செய்ததாக நீக்கப்பட்டவர், விசாரணைக்கு முன் தானே விலகியவர் பற்றிய தகவலை அந்தத் துறைக்குத் தருவது கடமை. முறையான விசாரணைக்குப் பின் தடைப்பட்டியல்.

5. ஆண்டுக்கு ஒரு முறையாவது முன்னறிவிப்பில்லாத ஆய்வு; அதன் முடிவு பெற்றோருக்குத் தெரிய வேண்டும்.

6. சிறிய டே கேர்கள் தரத்துக்கு வர ஓர் அவகாசம், தீயணைப்பான், மாடிப்படிக் கதவு போன்றவற்றுக்கு ஒரு மானியம், ஆயாம்மாக்களுக்கு அரசுச் செலவில் பயிற்சி.

உங்கள் வட்டாரத்தில் டே கேர் நடத்துபவர்கள் பத்துப் பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடினால் போதும். இந்த ஆறையும் உங்கள் அனுபவத்துக்கு ஏற்பத் திருத்தி, அதில் சேர்க்க வேண்டியதைச் சேர்த்து ஒரு மனுவாக எழுதுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் கொடுத்து மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நகலை உங்கள் எம்.எல்.ஏ.விடம் கொடுங்கள். பெற்றோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். முதல் கையெழுத்துகளில் ஒன்றாக என்னுடையது இருக்கும். மனுவோடு, உங்கள் பணியாளர்கள் எல்லோருக்கும் போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு விண்ணப்பித்த ரசீதுகளையும் இணைத்துக் கொடுங்கள். தன் பங்கை முடித்துவிட்டு வந்து கேட்பவர்களை எந்த அரசும் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

அன்புடன்,
ஓய்வுபெற்ற அங்கன்வாடி மேற்பார்வையாளர் ஒருவர்,
உங்களில் ஒருவரிடம் வளரும் குழந்தையின் பாட்டி